நடந்து வந்த தளபதி
ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் வரலாறு

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பேருந்தில் போய்வந்த மாணவியருக்கு மலைப்பாதை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் ஒலி எழுப்பிக்கொண்டே திருப்புவார். ஐப்பசி மழையில் ஓரிடத்தில் மண் சரிந்துவிட்டால் மேலே இருப்பவர் மேலேயும் கீழே இருப்பவர் கீழேயும் நிற்க வேண்டியதுதான். குமுளிப் பாதைக்கும் போடிமெட்டுப் பாதைக்கும் இதே கதைதான். சாலை ஒன்று இருக்கும்வரை அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

இத்தகைய மலைப்பாதையை நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு, புலியும் அட்டையும் மலேரியாவும் நிறைந்த காட்டில், எதிரியின் துப்பாக்கி முன்னே இருக்கும்போதே போட வேண்டும் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடித்தார். அப்படியே போட்டும் முடித்தார்கள். நம் நாட்டின் அஸ்ஸாம் மாநிலத்தில் லெடோ என்னும் ஊரில் தொடங்கி, பர்மாவைக் கடந்து, சீனாவின் குன்மிங் நகரில் முடிந்த அந்தப் பாதையின் மொத்த நீளம் 1,079 மைல். அதற்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். அமெரிக்கப் படைத்தலைவரான ஜெனரல் ஸ்டில்வெல்லின் பெயர் நம் பாடநூல்களில் அதிகம் வருவதில்லை. ஆயினும் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான ஒரு பகுதி நம் தமிழ் மக்கள் பட்ட ஒரு பெருந்துன்பத்தோடு பின்னிக் கிடப்பதால் அதனை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஜோசப் வாரன் ஸ்டில்வெல் 1883-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்தில் பலாட்கா என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில். வீட்டில் கண்டிப்பு அதிகம். படிப்பிலும் பந்தாட்டத்திலும் கெட்டிக்காரராக இருந்த பையன் குறும்பிலும் குறை வைக்கவில்லை. பள்ளி விழா ஒன்றில் விருந்துக்கு வைத்திருந்த ஐஸ்கிரீமைத் தோழர்களோடு சேர்ந்து கவர்ந்துகொண்டு போன வழக்கில் இவர் பெயரும் அடிபட்டது. மகனை யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நினைத்திருந்த தந்தையார் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, கட்டுப்பாடு மிகுந்த வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஒரு தட்டு ஐஸ்கிரீம் ஒருவரைத் தளபதியாக்கியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1904-ஆம் ஆண்டு அவர் அதிகாரியாகத் தேறி வெளியே வந்தார். 1910-இல் வினிஃப்ரெட் ஸ்மித் என்னும் பெண்மணியை மணந்தார். ஐந்து மக்கள் பிறந்தனர். முதல் உலகப்போரில் பிரான்சில் பணியாற்றினார்.

மொழி கற்பதில் அவருக்கு இயல்பாகவே நாட்டம் உண்டு. பிரெஞ்சும் ஸ்பானியமும் முன்பே தெரியும். போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம் சீன மொழி கற்க ஓர் அதிகாரியைப் பீக்கிங் நகருக்கு அனுப்ப விரும்பியபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. 1920-இல் குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார். எத்தனையோ அயல்நாட்டு அதிகாரிகள் அந்த நகரில் வாழ்ந்தார்கள். விருந்தும் குதிரைப் பந்தயமுமாகக் காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். ஸ்டில்வெல் அப்படி இருக்கவில்லை. அதற்கு ஒரு பஞ்சம் காரணமாயிற்று.

அக்காலத்தில் வட சீனாவில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. நிவாரணம் செய்ய வந்தவர்களுக்கு ஒரு சங்கடம். துறைமுகத்தில் தானியம் வந்து இறங்கினாலும் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. ஆகவே பசித்திருந்த மக்களுக்கே வேலை கொடுத்து, கூலி கொடுத்து, சாலை போடுவது என்று முடிவு செய்தார்கள். நம் பாட்டிமார் சொல்லும் தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னைப் பக்கம் பக்கிங்காம் கால்வாயை வெட்டியதும் இத்தகைய ஏற்பாடுதான். ஷான்சி மாகாணத்தில் ஃபென்சௌ நகரிலிருந்து மஞ்சள் ஆறு வரை செல்லும் பாதைக்குத் தலைமைப் பொறியாளராக 1921-இல் ஸ்டில்வெல்லை இராணுவம் கடன் கொடுத்தது. பல மாதங்கள் அவர் அந்த மலைநாட்டிலே கூலியாட்களோடு இருந்தார். நாட்டுப்புறத்துச் சத்திரங்களில் படுத்து, அவர்கள் உணவை உண்டு, அவர்கள் பேச்சைப் பேசி வாழ்ந்தார். நல்ல தலைவனும் வயிற்றுக்குச் சோறும் கிடைத்தால் சீன உழவனால் ஆகாத காரியம் இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேதான் பிறந்தது. அது கடைசிவரை மாறவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் வேர் இந்தப் பஞ்சகாலச் சாலையில் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

பின்னர் அமெரிக்காவில் ஃபோர்ட் பென்னிங் இராணுவப் பள்ளியில் ஆசிரியரானார். நாக்கு மிகக் காரம். தவறு செய்தவரை வாட்டி எடுத்துவிடுவார். புண்பட்ட மாணவர் ஒருவர் வினிகர் புட்டியிலிருந்து ஸ்டில்வெல் தலை நீட்டுவது போல் ஒரு கேலிச் சித்திரம் வரைந்து அறிவிப்புப் பலகையில் மாட்டிவிட்டார். ஸ்டில்வெல் கோபிக்கவில்லை. படத்தைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அன்றுமுதல் அவர் 'வினிகர் ஜோ' ஆனார். தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கத் தெரிந்த அவருக்குப் பிறரைப் பொறுத்துப் போகத் தெரியாமல் இருந்தது வருந்தத்தக்கதே. அந்தக் குறை பின்னால் அவரை மிகவும் பாதித்தது.

இனி பர்மாவுக்கு வருவோம். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் சுமார் 10 இலட்சம் இந்தியர் இருந்தனர். அவர்களில் தமிழர் பல்லாயிரவர். நகரத்தார் கடை வைத்து வட்டித்தொழில் செய்தனர். இராமநாதபுரம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைகள் நெல் வயல்களிலும் ஆலைகளிலும் இரங்கூன் துறைமுகத்திலும் உழைத்தனர். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கம்பீரமாக நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் அந்தக் காலத்தின் சாட்சி. போவதும் வருவதும் கப்பலில்தான். இத்தனை இலட்சம் பேர் போய்வந்த இரு நாடுகளுக்கும் இடையே மோட்டார் வண்டி செல்லும் சாலை ஒன்றுகூட இல்லை என்றால் இன்றைக்கு நமக்கு வியப்பாக இருக்கும். கப்பல் இருக்கும்போது மலையைக் குடைவானேன் என்று ஆட்சியாளர் இருந்துவிட்டனர்.

சீனாவின் பக்கம் மட்டும் ஒரு சாலை இருந்தது. ஜப்பான் சீனத்தின் கடற்கரையைப் பிடித்துக்கொண்டதால், 1937, 1938 ஆண்டுகளில் சீனர்கள் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை 717 மைல் நீளப் பாதையை வெட்டினார்கள். இயந்திரம் அதிகம் கிடையாது. சுமார் 2 இலட்சம் பேர், அவர்களில் முதியோரும் பெண்களும் சிறுவரும் ஏராளம், மண்வெட்டியும் கூடையும் கொண்டு போட்ட சாலை அது. இரங்கூனில் இறங்கிய தளவாடங்கள் இரயிலில் லாஷியோ வந்து, அங்கிருந்து லாரியில் சீனா சென்றன.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். துறைமுகக் கூலிகளாக இருந்த நம்மவர் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு ஓடினார்கள். 1942 மார்ச் 8-ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. கப்பல் வழி அடைபட்டது. அதே மாதத் தொடக்கத்தில்தான் சீனாவின் தலைவர் சியாங் கை-ஷேக்குக்குப் படைத்துறைத் துணைவராக ஸ்டில்வெல் வந்து சேர்ந்தார். பர்மாவில் இருந்த சீனப் படைகளை நடத்தும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஆனால் ஏப்ரல் 29-ஆம் நாள் லாஷியோவும் போயிற்று. படைகள் சிதறின.

மே முதல் நாள் அவரை ஏற்றிச் செல்ல ஒரு விமானம் வந்தது. அலுவலர் பலரை அதில் அனுப்பிவிட்டுத் தாம் ஏற மறுத்துவிட்டார். தம் கீழ் இருந்தவர்களை விட்டுவிட்டு வானில் பறந்து தப்புவது தளபதிக்கு அழகன்று என்பது அவர் எண்ணம். அவர் இருக்கவேண்டிய இடம் படைகள் இருந்த இடமா, கட்டளை பிறப்பிக்க வசதியான இந்தியாவா என்று பின்னால் வரலாற்று ஆசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அவரோடு நடந்தவர்களுக்கு அந்த ஐயம் எழுந்திராது.

அவருடைய கூட்டத்தில் 114 பேர். அமெரிக்க அதிகாரிகளும் வீரரும், ஆங்கிலேய ஆம்புலன்ஸ் தொண்டர்களும், சீனக் காவல் வீரரும், பர்மிய, இந்திய, மலாயாச் சமையற்காரரும், ஒரு பத்திரிகையாளரும் இருந்தனர். டாக்டர் கோர்டன் சீகிரேவ் என்னும் மிஷன் மருத்துவரும் அவரிடம் பயின்ற பர்மியத் தாதியர் 19 பேரும் இருந்தனர். கச்சின், கரேன், ஷான் இனத்து மலைப்பெண்கள் இவர்கள். பலருக்கு உங்கள் அக்காமார் வயதுதான் இருக்கும்.

லாரிகள் போகும் வழி முடிந்த இடத்தில் வண்டிகளைக் கைவிட்டார்கள். கனமான வானொலிக் கருவியையும் தூக்கிச் செல்ல இயலாது. அதை உடைப்பதற்கு முன் ஸ்டில்வெல் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினார். தமக்கு உணவு வேண்டும் என்று கேட்டதோடு நிற்கவில்லை. பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் எல்லா வழிகளிலும் அகதிகள் திரள் திரளாக வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அரிசியும் மருத்துவரும் காவலரும் உடனே தேவை, இல்லையேல் பேரழிவு நேரலாம் என்று இந்திய அரசை எச்சரிக்கச் சொன்னார். தோற்றுப்போன தளபதி ஒருவர் காட்டின் நடுவே நின்றுகொண்டு இதை நினைத்தாரே என்பதற்காகவே அவருடைய மற்றக் குறைகளில் பாதியை மன்னிக்கலாம் போலத் தோன்றுகிறது.

பிறகு நடை. அப்போது அவருக்கு வயது 59. நிமிடத்துக்கு 105 அடி என்று கணக்கு வைத்து அவரே முன்னால் நடந்தார். வெயிலுக்கு ஒதுங்கி ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடந்தார்கள். உணவு எல்லோருக்கும் பொதுவாக அளந்து கொடுக்கப்பட்டது. வாட்டசாட்டமான அதிகாரிகள் சிலர் வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தனர். தாதிப் பெண்களோ பாடிக்கொண்டே நடந்தார்கள். இரவில் தங்கும் இடத்தில் மற்றவர்கள் காலை நீட்டிப் படுக்கும்போது, அவர்கள் பிறருடைய கால் கொப்புளங்களுக்கு மருந்திட்டார்கள். ஊயூ ஆற்றில் மூங்கில் தெப்பங்கள் கட்டி இறங்கியபோது தெப்பத்தின்மேல் கூரை வேய்ந்தவர்களும் அவர்களே. வசை மட்டுமே அறிந்தது என்று எண்ணப்பட்ட ஸ்டில்வெல்லின் வாய் இந்தப் பெண்களை மனமாரப் பாராட்டியது. மே 13-இல் சிந்துவின் ஆற்றைக் கடந்தனர். மழைக்காலம் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது. இம்பாலிலிருந்து மட்டக் குதிரைகளோடும் உணவோடும் ஒரு குழு எதிர்கொண்டு வந்து சேர்ந்தது. மே 20-ஆம் நாள் இம்பால் அடைந்தனர். சுமார் 140 மைல் நடை. புறப்பட்ட 114 பேரில் ஒருவரையும் இழக்கவில்லை. டெல்லியில் பத்திரிகையாளர் கூடியபோது அவர் எதையும் மூடி மறைக்காமல், நாம் நன்றாக அடிவாங்கினோம், காரணத்தைக் கண்டறிந்து திரும்பிப் போய் மீட்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார்.

அவர் எச்சரித்த அந்த மற்றவர்களின் கதி என்ன? சுமார் 5 இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வந்தனர் என்பர். பெரும்பாலோர் நடந்தே வந்தனர். அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங்குக்கு ஒரு வழி. தமு, பாலெல், இம்பால் வழியாகத் திமாப்பூர் இரயில் நிலையத்துக்கு ஒரு வழி. எல்லாவற்றிலும் கொடியது வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கின் வழியாகப் பாங்சாவ் கணவாய் ஏறி லெடோவுக்கு வந்த வழி. மழை தொடங்கியதும் அந்தப் பாதை முழங்கால் அளவு சேறாயிற்று. ஆறுகள் பெருகின. குழந்தையை இடுப்பிலும் தட்டுமுட்டுச் சாமானைத் தலையிலும் சுமந்து வந்த தாய்மார் ஒவ்வொன்றாகச் சாமானை வீசிவிட்டு நடந்தார்கள். காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பசியும் பல்லாயிரம் பேரை வழியிலேயே வீழ்த்தின. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்களும் தோட்டத் தொழிலாளரும் முகாம்கள் அமைத்து, அரிசி சமைத்து, தேநீர் கொடுத்து, தூக்கிச் சுமந்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்கள். ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று வேற்றுமை காட்டப்பட்டதாக அப்போதே நம் நாட்டில் கண்டனம் எழுந்தது.

இந்த இரு நடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். 114 பேரும் பிழைத்ததற்கு அவர்களுடைய உடல் வலிமை மட்டும் காரணமன்று. முன்னால் வழி அறிந்த தலைவன் இருந்தான். அளந்து வைத்த உணவு இருந்தது. உடன் மருத்துவர் இருந்தார். எதிரே உதவி வந்தது. மக்கள் தப்பிச் செல்லும் வழி என்பது வெறும் தரை மட்டுமன்று. ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம், குடிக்கத் தண்ணீர், நோயாளியை இறக்கி வைக்க ஓரிடம் ஆகியவையும் சேர்ந்ததுதான் வழி. நம் பக்கத்து ராணி மங்கம்மாள் சாலையோரம் சாவடியும் சத்திரமும் கட்டினார். ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அவற்றைச் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. இக்காலத்திலும் இது பொய்க்கவில்லை. 2005-இல் ரீட்டா புயலுக்கு அஞ்சி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மக்கள் அகன்ற நெடுஞ்சாலைகளில் ஒரே நேரத்தில் புறப்பட்டபோது, வண்டிகள் நகராமல், எரிபொருளும் தண்ணீரும் தீர்ந்து, நாள் கணக்கில் சாலையிலேயே நின்றுவிட்டார்கள்.

ஸ்டில்வெல் திரும்பிப் போகத் திட்டமிட்டார். சீனாவுக்குத் தளவாடம் அப்போது இமயமலைத் தொடருக்கு மேலே விமானத்தில்தான் சென்றது. ஆபத்தான பயணம். தரைவழி ஒன்று திறந்தே ஆகவேண்டும் என்றார். எங்கே? அகதிகள் நடந்து வந்த அந்த ஹுகாங் வழியேதான். லெடோவில் இரயில் பாதை முடிகிறது. அங்கிருந்து தெற்கே மலை ஏறி இறங்கிப் பழைய பர்மாச் சாலையைப் போய்த் தொடுவது. புதிதாகப் போடவேண்டியது சுமார் 465 மைல். பாதை முடிவதற்குள் அதன் தேவையே முடிந்துவிடும் என்று சர்ச்சில் உள்ளிட்ட பலர் எண்ணினர். ஸ்டில்வெல் கேட்பதாக இல்லை.

1942 டிசம்பரில் அமெரிக்கப் பொறியியல் படையினர் வேலை தொடங்கினர். மொத்தம் சுமார் 15,000 அமெரிக்க வீரர்கள் உழைத்தார்கள். அவர்களில் 100-க்கு 60 பேர் கறுப்பினத்தவர். தம் நாட்டிலேயே வெள்ளையரோடு சமமாக உட்கார உரிமையில்லாதவர்கள் வந்து இந்த வேலையைச் செய்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. அவர்களோடு இந்தியரும் பர்மியரும் சீனருமாக 35,000 தொழிலாளர். முதலில் 3,727 அடி உயரமுள்ள பாங்சாவ் கணவாய். லெடோவிலிருந்து 38 மைல். 1943 பிப்ரவரி இறுதியில் அங்கே எட்டினார்கள். வழியெங்கும் முந்தின ஆண்டு விழுந்தவர்களின் எலும்புகள் கிடந்தன. புல்டோசர் ஓட்டியவர்கள் அவற்றைக் கண்டு திகைத்தார்கள். அவற்றில் நம் ஊர்ப்பக்கத்தார் எலும்பும் இருந்திருக்கக்கூடும்.

மழை வந்ததும் வேலை படுத்துவிட்டது. ஆண்டுக்கு 140 அங்குலம் மழை கொட்டும் இடம் அது. போட்ட பாதையை மலையே சரிந்து வந்து மூடும். பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போகும். இங்கே சாலைப் பொறியியல் பற்றி ஒரு வார்த்தை. இராணுவச் சாலைக்கு அழகு வேண்டாம். ஆனால் கனத்த லாரி வரிசையாக ஏறும்படி சரிவு மிதமாக இருக்கவேண்டும். எதிரெதிரே இரு வண்டிகள் ஒதுங்க அகலம் வேண்டும். பாலம் பீரங்கி வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மழைத்தண்ணீர் வெளியேற ஓரக் கால்வாயும் குறுக்கே மதகும் வேண்டும். மலைச்சாலையின் உயிர் அதன் வாய்க்காலில் இருக்கிறது. இதை மேகமலைப் பாதையில் மழைக்காலத்தில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். லெடோ பாதை 10 பெரிய ஆறுகளையும் 155 சிற்றாறுகளையும் தாண்டுகிறது. சராசரியாக 2.8 மைலுக்கு ஒரு பாலம்!

1943 அக்டோபரில் லூயிஸ் பிக் என்னும் பொறியாளர் பொறுப்பேற்றார். இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் வேலை என்றார். மின்விளக்கு எட்டாத இடத்தில் மூங்கிலில் எண்ணெய்ப் பந்தம் கொளுத்தி வெட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், சொன்ன தேதிக்கு முன்பாகவே, 103-ஆவது மைலில் உள்ள ஷிங்ப்வியாங் வந்து சேர்ந்தது பாதை. பாதையோடு சேர்த்து எண்ணெய்க் குழாயும் பதித்தார்கள். முன்னால் ஸ்டில்வெல்லின் சீனப் படை போரிட்டுக்கொண்டே போயிற்று. பீகார்ப் பகுதியில் ராம்கர் என்னும் இடத்தில் அவர் முறையாக உணவும் பயிற்சியும் கொடுத்து உருவாக்கிய படை அது. ஷான்சிச் சாலையில் பிறந்த நம்பிக்கை வீண்போகவில்லை. சீகிரேவும் அவருடைய தாதியரும் அந்தப் படையின் பின்னே மருத்துவமனை நடத்திக்கொண்டே வந்தார்கள்.

மிட்சினா நகரைப் பிடிக்க நடந்த போர் ஸ்டில்வெல்லின் புகழுக்கும் பழிக்கும் ஒருங்கே காரணமாயிற்று. விமானதளம் 1944 மே 17-இல் கைக்கு வந்தது. நகரமோ ஆகஸ்டு 3-ஆம் நாள்தான் விழுந்தது. நோயால் நைந்துபோன அமெரிக்க வீரர்களை அனுப்பிவிடாமல் கடைசிவரை போரில் நிறுத்தினார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. சாட்டியவர்கள் அவருடைய வீரர்களே. எடுத்த காரியம் முடிய வேண்டும் என்ற வேகத்தில் மனிதருடைய வலியைக் காணத் தவறினார் என்பதை மறுப்பதற்கில்லை. சியாங் கை-ஷேக்கோடும் அவருக்குப் பகை முற்றியது. சீனத் தலைவரை இழிவான பட்டப்பெயரால் குறிப்பிடும் அளவுக்கு அவருடைய நாக்கு கட்டுமீறியது. 1944 அக்டோபரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

ஆகையால் பாதை முடிந்தபோது பாதையை நினைத்தவர் அங்கு இல்லை. 1945 ஜனவரி 12-ஆம் நாள் 113 வண்டிகள் லெடோவிலிருந்து புறப்பட்டன. பிக் தலைமை தாங்கினார். பிப்ரவரி 4-ஆம் நாள் குன்மிங் நகரம் பட்டாசு வெடித்து வரவேற்றது. பாதைக்கு ஸ்டில்வெல்லின் பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? அவரை விரட்டக் காரணமாயிருந்த சியாங் கை-ஷேக்கேதான்.

விலை என்ன? ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் இறந்தனர். மைலுக்கு ஓர் ஆள் என்று பாதைக்குப் பட்டப்பெயரே ஏற்பட்டது. இறந்த இந்திய, பர்மிய, சீனத் தொழிலாளருக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. பயன் என்ன? 1945 ஜூலை மாதத்தில் விமானங்கள் 71,000 டன் சுமையைச் சீனாவுக்குக் கொண்டுபோயின. பாதை வழியாகச் சென்றது 6,000 டன். அடுத்த மாதம் போர் முடிந்துவிட்டது. சர்ச்சில் சொன்னது பெரும்பாலும் சரியாயிற்று. வடபர்மாவில் போரிட்ட படைகளுக்கு அந்தப் பாதை பேருதவி செய்தது என்பதும் உண்மை. ஆனால் அதன் அவசரத் தேவை 1942 மே, ஜூன் மாதங்களில் குழந்தை குட்டிகளோடு நடந்தவர்களுக்கு இருந்தது. அவர்களுக்காகப் பாதை போட அப்போது யாரும் இல்லை.

போருக்கான சாலையையும் மக்கள் தப்புவதற்கான சாலையையும் முன்கூட்டியே சேர்த்து எண்ணும் வழக்கம் பிறகுதான் வந்தது. அமெரிக்காவில் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது 1956-இல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் செய்தார்கள். அந்தச் சாலைகளின் முழுப்பெயரிலேயே பாதுகாப்பு என்ற சொல்லும் உண்டு. அணுகுண்டுக்கு அஞ்சி நகரங்களைக் காலி செய்ய நேர்ந்தால் உதவும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் நாட்டில் எல்லைச் சாலைகளுக்கென்றே 1960-இல் தனி நிறுவனம் ஏற்பட்டது. 2021-இல் இராஜஸ்தானில் பார்மர் அருகே தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையே அவசரக் காலத்தில் விமானம் இறங்கும்படி அமைத்துத் திறந்தார்கள்.

ஸ்டில்வெல் ஊர் திரும்பிய பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. ஒகினாவாவில் படைக்குத் தலைமை ஏற்றார். 1945 செப்டம்பர் 2-இல் ஜப்பான் சரணடைந்த கப்பலில் அவரும் நின்றார். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அவர் செய்த ஒரு செயலை விரிவாகச் சொல்ல வேண்டும். கசுவோ மசுதா என்னும் ஜப்பானிய வம்சத்து அமெரிக்க வீரர் இத்தாலியில் அமெரிக்காவுக்காகப் போரிட்டு உயிர் துறந்தவர். ஆனால் ஜப்பானிய இனம் என்பதற்காக அவருடைய குடும்பத்தை அரசு முகாமில் அடைத்து வைத்திருந்தது. போர் முடிந்து கலிபோர்னியாவில் தம் பண்ணைக்குத் திரும்ப முயன்ற சகோதரி மேரியை ஊரார் சிலர் மிரட்டினர். ஸ்டில்வெல் நேரே அந்தப் பண்ணை வீட்டுக்குப் போனார். வாசல் தாழ்வாரத்தில் ஊரறிய நின்று, இறந்த வீரருக்குரிய உயர்ந்த பதக்கத்தை அந்தப் பெண்ணிடம் வழங்கினார். ஜப்பானோடு ஆண்டுக்கணக்கில் போரிட்ட தளபதியே வந்து நின்ற பிறகு, மிரட்டியவர்கள் என்ன சொல்ல முடியும்?

1946 அக்டோபர் 12-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் வயிற்றுப் புற்றுநோயால் அவர் காலமானார். வயது 63. சாதாரண காலாட்படை வீரனுக்குத் தரும் ஒரு சின்னம் உண்டு. நான்கு நட்சத்திரத் தளபதியான அவர் கடைசியில் விரும்பியது அந்தச் சின்னத்தைத்தான். இறப்பதற்கு முந்தின நாள் அது அவருக்கு வழங்கப்பட்டது. உடலை எரித்துச் சாம்பலைப் பசிபிக் கடலில் தூவினார்கள்.

போர் முடிந்ததும் லெடோ பாதையைக் கவனிப்பார் இல்லை. சில மழைக்காலங்களில் பாலங்கள் விழுந்தன. மூங்கிலும் நாணலும் முளைத்துப் பர்மியப் பகுதியில் பெரும்பாலும் காடே மூடிக்கொண்டது. டாக்டர் சீகிரேவ் பர்மாவுக்குத் திரும்பி நாம்கம் என்னும் மலையூரில் தம் மருத்துவமனையை மீண்டும் நடத்தினார். பர்மாவில் எஞ்சியிருந்த தமிழர்களில் பலர் 1964-க்குப் பின், கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, மீண்டும் அகதிகளாயினர். இம்முறை கப்பலில் வந்தார்கள். பர்மா காலனி என்ற பெயரில் நம் மாநிலத்து ஊர்கள் பலவற்றில் குடியேறினார்கள். பிறந்த மண்ணை மறக்க முடியாத சிலர் மட்டும் தரைவழியாகவே திரும்பிப் போகப் புறப்பட்டு, மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊர்வரை சென்றனர். எல்லையைக் கடக்க விடவில்லை. அங்கேயே வீடு கட்டிக்கொண்டு, கோயிலும் தமிழ்ச் சங்கமும் அமைத்து, கடை வைத்துப் பிழைத்தார்கள். அவர்கள் குடியிருந்த தெருவுக்கு எதிரே எல்லைக்கு அப்பால் தெரிவது தமு. 1942-இல் நடந்து வந்தவர்கள் கடந்த அதே தமு.